மைக்கை அணைக்காதீர்கள்: எங்கள் கோட்டத்து அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கோட்டத்தில் வருவாய், வேளாண்மை, நீர்வளம், கூட்டுறவு, நெல் கொள்முதல் வேலைகளைப் பார்க்கும் அலுவலர்களுக்கு,

போன மாதம் நடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தின் கடைசியில் ஓர் அறிவிப்பைப் படித்தீர்கள். இனி ஊருக்கு ஒருவர்தான் பேசலாம். அவருக்கும் இரண்டு நிமிடம்தான். மற்றவர்கள் வாசலில் வைக்கப்போகும் பெட்டியில் மனுவைப் போட்டுவிட்டுப் போகலாம், பதில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் என்றீர்கள். "உங்களுக்கு அலைச்சல் மிச்சம், எங்களுக்கு நேரம் மிச்சம்" என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டீர்கள். நான் அப்போது கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். நான் சொன்னது மேடைக்கு எட்டவில்லை. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த முடிவை எங்களால் ஏற்க முடியாது. நான் வெண்ணாற்றுப் பாசனத்தில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்க்காரி. மூன்றரை ஏக்கர் சொந்தம், ஒன்றரை ஏக்கர் குத்தகை. 11 வருடமாக எங்கள் ஊர் மகளிர் குழுவின் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன். அதனால் எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களின் மனுக்கள் பெரும்பாலும் என் கையெழுத்தில்தான் உங்கள் மேசைக்கு வருகின்றன. ஒரு மனு போகும்போது என்ன நினைத்துக் கொடுத்தார்கள், பதில் வந்தபோது அதை என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்பது இரண்டும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் நான் கண்ணால் பார்த்த நஷ்டங்களில் பாதி, மழையாலும் வந்ததில்லை, வறட்சியாலும் வந்ததில்லை. சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று என்று ஆனதால் வந்தவை.

குறுஞ்செய்தியிலிருந்தே தொடங்குகிறேன், நீங்கள் அதைத்தான் நம்புகிறீர்கள் என்பதால். பக்கத்து வீட்டு அண்ணன் தன் அப்பா பெயரில் இருக்கும் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருந்தார். ஒன்றரை மாதம் கழித்துச் செய்தி வந்தது: "தங்கள் மனு பைசல் செய்யப்பட்டது." அவர் சந்தோஷப்பட்டார். பைசல் ஆகிவிட்டது என்றால் ஊரில் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கடன் பைசல், வழக்கு பைசல் என்றால் தலைவலி தீர்ந்தது. பட்டா மாறிவிட்டது என்று நம்பி, எட்டு மாதம் கழித்துப் பயிர்க்கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது, வாரிசுச் சான்று இணைக்கவில்லை என்று அந்த மனு தள்ளுபடி ஆகியிருக்கிறது. உங்கள் அகராதியில் கோப்பை மூடினாலே பைசல். எங்கள் அகராதியில் குறை தீர்ந்தால்தான் பைசல். ஒரே சொல்லை இரண்டு பேரும் தமிழில்தான் சொன்னோம். 1956ல் ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. அலுவலகத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது, கேட்கிறவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தானே?

அந்த அண்ணன் நேரில் நின்றிருந்தால், "பைசல்னா மாறிடுச்சா சார்?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். குறுஞ்செய்தியிடம் கேட்க முடியவில்லை.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜூன் 12ல் திறப்பார்களா, தள்ளிப்போகுமா என்பது மே மாதம் முழுக்க டீக்கடைப் பேச்சு. இன்று எத்தனை அடி, எத்தனை கன அடி வருகிறது, எத்தனை போகிறது என்று தினமும் பேப்பரில் வருகிறது. ஆனால் எங்கள் வாய்க்கால் தலைப்பு மதகை எந்த நாள், எந்த நேரத்தில் திறக்கிறார்கள், எப்போது அடைக்கிறார்கள் என்பது எந்தப் பேப்பரிலும் வராது. அது பொறியாளரிடமிருந்து உதவியாளருக்கும், அவரிடமிருந்து மதகைத் திறந்து அடைக்கும் லஸ்கருக்கும், லஸ்கரிடமிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கும் இறங்கி எங்களுக்கு வருகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சம்பாவில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். நேரடி விதைப்புப் பயிர், வயது 30 நாள் இருக்கும். குழுவில் செய்தி வந்தது: "செவ்வாய்க்கிழமை இரவு 12.30 மணிக்கு மதகு அடைக்கப்படும்." நாங்கள் கூடிப் பேசி, மேல் பங்குக்காரர்கள் திங்கட்கிழமையும் கீழ் பங்குக்காரர்கள் செவ்வாய்க்கிழமையும் பாய்ச்சிக்கொள்வது என்று முடிவு செய்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் மண்வெட்டியோடு போனால் வாய்க்காலில் தரை தெரிகிறது. திங்கட்கிழமை ராத்திரியே அடைத்துவிட்டார்கள்.

லஸ்கரைக் கேட்டோம். அவர் மேலே கேட்டார். "12 மணிக்கு மேல் செவ்வாய்க்கிழமைதானே, சரியாகத்தானே போட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தது. கடிகாரப்படி அது சரி. ஆனால் எங்களுக்கு விடிந்தால்தான் மறுநாள். பஞ்சாங்கத்திலும் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. எங்கள் ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் செவ்வாய்க்கிழமை ராத்திரி என்றால் செவ்வாய்க்கிழமை பகல் முடிந்து வரும் ராத்திரிதான். செய்தி போட்டவர் தப்பாகப் போடவில்லை, படித்தவர்களும் தப்பாகப் படிக்கவில்லை. கீழ் பங்கில் ஒன்பது பேருடைய வயல் காய்ந்தது. அடுத்த முறை வர ஆறு நாள் ஆனது. அதற்குள் வயல் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வெடித்த வயலில் தண்ணீர் விட்டால் முதலில் வெடிப்புதான் குடிக்கும். களை முந்திக்கொண்டது. உரம் போடும் பருவம் தவறியது. அந்த ஒன்பதில் ஒன்று என் குத்தகை வயல். விளைந்ததில் குத்தகை நெல்லை அளந்த பிறகு எனக்கு மிஞ்சியது வைக்கோல்தான்.

என் மகள் நர்ஸாக இருக்கிறாள். இதை அவளிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி: "திருப்பிச் சொல்லச் சொல்லலையாம்மா?" அவர்கள் வேலையில் டாக்டர் போனில் மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னால், நர்ஸ் "சரி டாக்டர்" என்று வைத்துவிடக் கூடாது. எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டி, அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் மருந்தைத் தொட வேண்டும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போதும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்பதால், "வீட்டுக்குப் போய் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறார்களாம்.

விமானத்தில் இது இன்னும் கண்டிப்பு என்றாள். 1977 மார்ச் 27ல், ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரிஃப் தீவில், மூடுபனிக்குள் ஒரே ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்துபோனார்கள். ஒரு விமானி, புறப்பட அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓட்டத் தொடங்கிவிட்டார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவர் காதில் தெளிவாக விழுந்தது "ஓகே" மட்டும்தான். காத்திருங்கள் என்ற மிச்சப் பேச்சு, அதே நேரத்தில் இன்னொரு விமானத்திலிருந்தும் பேசியதால் இரைச்சலில் போய்விட்டது. அதற்கப்புறம் உலகம் முழுக்க விமானிகள் பேசும் முறையை இறுக்கினார்கள். அனுமதி கொடுத்தால், கொடுத்த வார்த்தையிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் ஓகே செல்லாது.

எங்கள் மதகில் யாரும் சாகவில்லை. ஒன்பது குடும்பத்தின் ஒரு போகம் போனது. அதைத் தடுக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு போன். "திங்கட்கிழமை ராத்திரி அடைக்கிறோம், விடிந்தால் செவ்வாய். என்ன புரிந்தது, சொல்லுங்கள்" என்று ஊரில் ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும்.

கொள்முதல் நிலையத்தில் நடப்பதும் இதேதான், ஆனால் அங்கே ஒரு வார்த்தைக்கு மேல் வருவதே இல்லை. எங்கள் சின்ன மாமனாருக்கு 71 வயது. 84 சிப்பம் நெல்லைக் களத்தில் கொட்டி வைத்துக்கொண்டு நான்கு நாள் காத்திருந்தார். ஐந்தாம் நாள் ஈரம் பார்த்தார்கள். பார்த்தவர் மீட்டரைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு "ஈரம்" என்றார். அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை நாட்களில் சில வருடம் தளர்த்தியும் இருக்கிறார்கள். அவர் நெல்லில் எத்தனை இருந்தது? 17.5 என்றால் ஒரு மதிய வெயில் போதும். 21 என்றால் இரண்டு மூன்று நாள் வேண்டும், ஆள் வைத்துக் கிளற வேண்டும், தார்ப்பாய் வாடகைக்கு எடுக்க வேண்டும். எதுவும் தெரியாமல் ஒரு நாள் காயவைத்துவிட்டுத் திரும்பப் போய் நின்றார். மறுபடியும் "ஈரம்". மூன்றாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அடியில் இருந்த நெல் முளைவிட்டது.

சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி இங்கே கேட்கவில்லை. அந்த மீட்டரில் இருந்த எண்ணை அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்த எண்ணைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு, அது அவர் நெல். அந்தப் பணியாளருக்கும் நூற்றுக்கணக்கான குவியல்கள், சாக்குத் தட்டுப்பாடு, லாரி வராத கோபம் எல்லாம் இருந்திருக்கும். அப்படி இருந்தாலும் "19.4 இருக்கு ஐயா, இன்னும் ஒன்றரை நாள் காயணும்" என்று சொல்ல ஐந்து விநாடி ஆகும். சொல்லாததால் அவர் இரண்டு தரம் வந்து, இரண்டு தரம் மீட்டர் வைத்து, உங்கள் ஆளுக்கே வேலை இரட்டிப்பானது. நேரம் மிச்சம் என்றீர்களே, அது இங்கேதான் வீணாகிறது.

போன வருடம் உங்கள் பணியாளர்களுக்கும் மகளிர் குழுப் பொறுப்பாளர்களுக்கும் சேர்த்து ஒரு நாள் பயிற்சி நடந்தது. தகவல் தொடர்புத் திறன் என்று பேனர். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். பயிற்சி கொடுக்க வந்தவர், நாம் பேசுவதில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55, ஆகவே சிரித்த முகமாக இருந்தாலே 93 சதவீதம் வேலை முடிந்தது என்றார். உங்கள் பணியாளர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அது நெருடியது. மகளிடம் சொல்லித் தேடிப் பார்க்கச் சொன்னேன்.

அந்தக் கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒரு தனிச் சொல்லை ஒரு குரலில் சொல்லிக் கேட்கவைத்து, அதோடு ஒரு முகத்தையும் காட்டி, சொல்கிறவருக்குத் தன்மேல் பிரியமா வெறுப்பா என்று கேட்பவர் எதை வைத்து எடைபோடுகிறார் என்று பார்த்திருக்கிறார். சொல் ஒன்று சொல்ல, முகம் வேறொன்று சொன்னால் நாம் முகத்தைத்தான் நம்புகிறோம். அவ்வளவுதான் அதன் பொருள். பிரியம், வெறுப்பு போன்ற உணர்வுகளுக்குத்தான் அது பொருந்தும், எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். எத்தனை மணிக்கு மதகு அடைப்பு, எத்தனை சதவீதம் ஈரம், என்ன ஆவணம் குறைகிறது என்பதில் வார்த்தைதான் முழுக்க முழுக்க முக்கியம். முகம் சிரித்துக்கொண்டே நாளைத் தப்பாகச் சொன்னால் எங்கள் வயல் காயத்தான் செய்யும். அந்தப் பயிற்சியை மறுபடி நடத்தும்போது இந்தப் பாடத்தை எடுத்துவிடுங்கள். அது உங்கள் ஆட்களுக்கு ஒரு தப்பான நிம்மதியைக் கொடுக்கிறது.

அதே பயிற்சியில் ஒரு நல்ல விஷயமும் சொன்னார், ஆனால் சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1957லேயே ஈடுபட்டுக் கேட்பது பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பேசும்போது அடுத்து நாம் என்ன பதில் சொல்லலாம் என்று மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தால் அது கேட்பது ஆகாது. அவர் சொன்ன விஷயத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் தவிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, நமக்குப் புரிந்ததை அவரிடமே சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஊரில் வெற்றிலையை மடித்துக்கொண்டே பஞ்சாயத்துப் பேசும் பெரியவர்கள் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் பேசி முடித்ததும், "அப்ப நீ சொல்றது இதுதானே?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் வாயைத் திறப்பார்கள். அந்தப் பஞ்சாயத்துகளில் நியாயம் எப்போதும் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இருந்தது.

இனி சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம்.

எங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். முதியோர் உதவித்தொகை நின்றுபோய்விட்டது என்று மனு கொடுக்க நானும் கூடப் போனேன். ஒரே மேசை, ஒரே அலுவலர், ஒரே நேரம். என்னைப் பார்த்து "நீங்க என்ன விஷயமா வந்தீங்க?" என்றவர், அந்த அக்காவைப் பார்த்து "உனக்கு என்ன? ஆதார் எங்க? கொண்டா" என்றார். எனக்கு நாற்காலி காட்டினார். அக்கா நின்றார். வயதில் மூத்தவர் அவர். ஆனால் அவர் எந்தத் தெரு என்பது மனுவின் முதல் வரியிலேயே எழுதியிருந்தது.

அந்த "உனக்கு"க்குப் பிறகு அக்கா பேசவே இல்லை. பணம் எந்த மாதத்திலிருந்து நின்றது, வங்கியில் என்ன சொன்னார்கள், கைரேகை பதியவில்லை என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பியது, எல்லாம் வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தவர், மேசை முன்னால் "ஆமாங்க, ஆமாங்க" என்று மட்டும் சொன்னார். அலுவலருக்குத் தேவையான தகவல் முழுதும் அவரிடம் இருந்தது. அவர் பேசாததால் மனு தப்பான பிரிவுக்குப் போய், நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மரியாதை என்பது ஏதோ மேலே தூவும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மரியாதை குறைந்த இடத்தில் தகவலே வெளியே வராது.

இது கீழத்தஞ்சை மண். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் இங்கே வந்து விவசாயத் தொழிலாளரை ஒன்றுசேர்த்தபோது, கூலியோடு சேர்த்து, தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகத்தான் போராட வேண்டியிருந்தது. மனிதனை மனிதனாகக் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே இந்த ஊர்களில் பெரும் போராட்டம் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் என் மாமனார் காலம்வரை அந்த அக்காவை ஒருமையில்தான் அழைத்தார்கள். நானும் கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் கூப்பிட்டேன். அது தப்பு என்று உணர்ந்து மாற்றிக்கொள்ள எனக்கு வருடங்கள் ஆயின. அரசு மேசைக்கு அத்தனை வருடம் கொடுக்க முடியாது.

அப்புறம் "பார்க்கலாம்". உங்கள் அலுவலகங்களில் அதிகம் புழங்கும் சொல் இதுதான். உங்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, அதனால் "பார்க்கலாம்மா, வந்துட்டுப் போங்க" என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்கிற பக்கம் அது "செய்து தருகிறேன், திரும்ப வா" என்று விழுகிறது. எங்கள் குழுவில் ஒரு பெண், கணவர் இறந்த பிறகு அவர் பெயரில் இருந்த சங்கக் கடனைப் பற்றிக் கேட்க ஏழு தரம் போனார். ஏழு நாள் கூலி போனது. ஏழாவது தரம்தான் அங்கே வேறொருவர், "இது எங்க கையில இல்லம்மா, விதியில இடமில்ல" என்று சொன்னார். அந்தப் பெண் வெளியே வந்து அழவில்லை. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். முதல் நாளே இல்லை என்று கேட்டிருந்தால் அவர் அன்றைக்கே வேறு வழி தேடியிருப்பார்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் நாங்கள் ஒரே நேரத்தில் பத்துப் பேர் எழுந்து பேசுகிறோம். ஒரே மனுவில் பட்டா, பாலம், பன்றித் தொல்லை, பயிர்க்கடன் எல்லாவற்றையும் எழுதுகிறோம். சர்வே எண் கேட்டால் "எல்லாருக்கும் தெரியுமே, ஐயனார் கோயில் பக்கத்து வயல்" என்கிறோம். கோபத்தில் குரலை உயர்த்துகிறோம். அப்படிக் கத்தும்போது நீங்கள் விஷயத்தைக் கேட்க மாட்டீர்கள், சத்தத்தைத்தான் கேட்பீர்கள் என்பது புரிகிறது. எங்கள் ஊரில் இந்த மாதம் உட்கார்ந்து பேசி, ஒரு மனுவுக்கு ஒரு விஷயம், முதல் வரியில் சர்வே எண், இரண்டாவது வரியில் என்ன வேண்டும் என்பது, அதற்குக் கீழே நடந்தது என்று எழுதப் பழகிவருகிறோம். உங்கள் இடங்களில் ஆள் பற்றாக்குறை இருப்பதும், ஒரே ஆள் மூன்று பேர் வேலையைப் பார்ப்பதும் எங்களுக்குத் தெரியும்.

முடியாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நின்ற தென்னையை விட விழுந்த தென்னை அதிகம். மூன்றாம் நாள் உங்கள் துறைகளில் ஒன்றிலிருந்து ஓர் இளம் அலுவலர் வந்தார். பெயரைச் சொல்ல அவர் விரும்ப மாட்டார். விழுந்து கிடந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தார். ஒவ்வொருவரையும் பேசவிட்டார். அழுதவர்களை அழவிட்டார். பிறகு நோட்டைப் பார்த்து, "உங்களுக்கு 62 மரம், அதில் காய்ப்பு மரம் 50, கிணற்று மோட்டாரும் போச்சு, சரியா?" என்று ஒவ்வொருவரிடமும் படித்துக்காட்டினார். தப்பாக இருந்ததைத் திருத்தினோம். "மரக் கணக்கு என் வேலை. வீட்டுக் கணக்கு வருவாய்த் துறை, அதில் நான் வாக்குக் கொடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்றார். வெள்ளிக்கிழமை வந்தார். அன்றைக்கு அவரிடம் புதுச் செய்தி எதுவும் இல்லை. "இன்னும் உத்தரவு வரவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். நிவாரணம் எங்களுக்கும் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் எங்கள் ஊரில் அவரை யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, சாலை மறியலுக்கும் போகவில்லை.

திருவாரூர்க் கோயிலருகே கல்தேர் நிற்கிறது. கன்றை இழந்த பசு அரண்மனை வாசலில் வந்து ஆராய்ச்சி மணியை இழுத்ததாக நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை அந்தத் தேரோடு சேர்ந்தது. அந்த அரசனின் பெயரில்தான் நீங்கள் மனுநீதி நாள் நடத்துகிறீர்கள். அந்தக் கதையில் பசு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அரசன் எழுந்து வாசலுக்கு வந்து என்ன நடந்தது என்று விசாரித்தான். அவன் மணிக்குப் பதிலாக அங்கே ஒரு பெட்டி வைத்திருந்தால் அந்தக் கதையே இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

பெட்டி அறிவிப்பை அடுத்த கூட்டத்துக்கு முன்னால் திரும்பப் பெறுங்கள். வர முடியாதவர்களுக்காகப் பெட்டி இருக்கட்டும், வந்தவர்களின் பேச்சுக்குப் பதிலாக அது வேண்டாம். நேரம் போதவில்லை என்றால் டோக்கன் கொடுங்கள், துறைவாரியாகத் தனித்தனி மேசை போடுங்கள், அரை நாள் கூட்டத்தை முழு நாள் ஆக்குங்கள். வரிசையில் உட்கார நாங்கள் தயார்.

மனு வாங்குகிறவர், கொடுத்தவர் எழுந்து போவதற்கு முன், தனக்குப் புரிந்ததை இரண்டு வரியில் வாயால் சொல்லி, அதையே ஒப்புகைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பினால் அதில் ஏற்கப்பட்டது அல்லது மறுக்கப்பட்டது என்று இருக்க வேண்டும். மறுத்திருந்தால் என்ன குறை, அதைச் சரிசெய்து எந்த அலுவலகத்தில் எவரிடம் கொடுக்க வேண்டும் என்று இருக்க வேண்டும். பைசல், ஆவன செய்யப்படும், பரிசீலனையில் உள்ளது ஆகிய மூன்றையும் எங்களுக்கு வரும் செய்திகளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மதகு நேரத்தை எழுதும்போது "திங்கட்கிழமை ராத்திரி 12.30, விடிந்தால் செவ்வாய்" என்றே எழுதுங்கள். குழுவில் போட்டதோடு விடாமல், கடைமடை ஊர் ஒவ்வொன்றிலும் இரண்டு பேருக்குப் போன் போட்டு, அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேளுங்கள். அந்த இரண்டில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பல வீடுகளில் ஆண்கள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், தண்ணீர் பாய்ச்சுவது நாங்கள்தான்.

கொள்முதல் நிலையத்தில் மீட்டர் காட்டும் எண்ணை விவசாயியிடம் காட்டி, தேதி போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது, ஒரு பேனா போதும்.

உங்கள் கோட்டத்தில் எந்த மேசையிலும், எந்தத் தெருவிலிருந்து வந்தவரையும், நீங்கள் என்றே அழைக்க வேண்டும் என்று எழுத்தில் சுற்றறிக்கை விடுங்கள். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போடுங்கள். வயதில் மூத்தவர் உட்கார்ந்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். இந்த ஒன்றை மட்டும் நாளைக்கே செய்யலாம்.

"பார்க்கலாம்" என்ற இடத்தில் முடியும், முடியாது, இந்தத் தேதிக்குள் சொல்கிறேன் ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். முடியாது என்பதைத் தாங்கிக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து 14 பேர் வருகிறோம், அந்த அக்காவும் வருகிறார். ஆளுக்கு ஒரு மனு, ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம், மேலே சர்வே எண். பெட்டியில் போட மாட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை மைக்கை அணைக்காமல் வையுங்கள்.

இப்படிக்கு,
வெண்ணாற்றுக் கடைமடை விவசாயி ஒருவர்